வார்டா, கோட்டையா, டெல்லியா? முதன்முறை தேர்தலில் நிற்க நினைப்பவருக்கு

2021 மே மாதம் அ.தி.மு.க. ஆட்சியை இழந்திருந்த நேரம். அந்தத் தேர்தலில் கே.பி.முனுசாமி வேப்பனஹள்ளியிலும் ஆர்.வைத்திலிங்கம் ஒரத்தநாட்டிலும் வென்றிருந்தார்கள். இருவருமே அப்போது மாநிலங்களவை உறுப்பினர்கள். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். முனுசாமிக்கு டெல்லியில் இன்னும் ஏறக்குறைய ஐந்து ஆண்டு பதவிக்காலம் மிச்சமிருந்தது. கோட்டையில் காத்திருந்ததோ எதிர்க்கட்சி வரிசை. இருந்தும் இருவரும் டெல்லியை உதறினார்கள். காலியான இரண்டு இடங்களும் சில மாதங்களில் தி.மு.க.வின் கைக்குப் போயின. மாநிலங்களவைக்கு வாக்களிப்பது எம்.எல்.ஏ.க்கள் என்பதால், கட்சி சட்டமன்றப் பலத்தை இழந்துவிட்ட நிலையில் அந்த இடங்களைத் திரும்பப் பெற வழியில்லை என்று கணக்குத் தெரிந்த எவருக்கும் புரிந்திருக்கும். தெரிந்தே எடுத்த முடிவு.

இதற்கு முன்பும் இப்படி நடந்திருக்கிறது. 2001இல் மு.க.ஸ்டாலின் ஒரே நேரத்தில் சென்னை மேயராகவும் ஆயிரம் விளக்கு எம்.எல்.ஏ.வாகவும் இருந்தார். ஒருவர் இரண்டு பதவி வகிக்கக் கூடாது என்று 2002இல் ஜெயலலிதா அரசு சட்டம் கொண்டுவந்தபோது, மக்கள் நேரடியாக வாக்களித்துக் கொடுத்த மேயர் நாற்காலியை விட்டுவிட்டுச் சட்டமன்றத்தைப் பிடித்துக்கொண்டார். எதிர்த் திசையில் போனவரும் உண்டு. நாங்குநேரி எம்.எல்.ஏ.வாக இருந்த எச்.வசந்தகுமார் 2019இல் கன்னியாகுமரியில் மக்களவைக்கு வென்றதும் எம்.எல்.ஏ. பதவியை விட்டார், நாங்குநேரியில் இடைத்தேர்தல் வந்தது. ஆனாலும் மாநில அரசியலில் ஊறியவர்களில் பெரும்பாலோர் கோட்டைப் பக்கம்தான் சாய்கிறார்கள்.

பெரிய தலைவர்களுக்குச் சரியாக இருப்பது, ஏதோ ஒரு கட்சியில் சில ஆண்டுகள் பூத் கமிட்டி, வாக்காளர் பட்டியல் என்று உழைத்துவிட்டு, முப்பது முப்பத்தைந்து வயதில் முதல் முறையாக நிற்க யோசிக்கும் ஒருவருக்கும் சரியாக இருக்குமா? இருக்காது என்பது என் எண்ணம். அவர் முன்னால் மூன்று வழிகள்: உள்ளாட்சி, சட்டமன்றம், மக்களவை. மாநிலங்களவையைக் கணக்கில் சேர்க்கவில்லை. தமிழகத்தில் ஆறு இடங்களுக்குத் தேர்தல் நடந்தால் ஓர் இடத்துக்கு 34 எம்.எல்.ஏ.க்களின் வாக்கு வேண்டும். அது தலைமை பார்த்துத் தரும் இடம். நாம் தீர்மானிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

விதிகளைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். உள்ளாட்சிக்கு 21 வயது, மற்ற இரண்டுக்கும் 25. டெபாசிட் தொகை சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய், மக்களவைக்கு 25,000; பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு அதில் பாதி. செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்கு வாங்காவிட்டால் அது திரும்பாது. 2022 முதல் வேட்பாளர் செலவு வரம்பு, நம்மைப் போன்ற பெரிய மாநிலங்களில் சட்டமன்றத்துக்கு 40 லட்சம், மக்களவைக்கு 95 லட்சம். இந்த வரம்புக்குள்தான் தேர்தல் நடக்கிறது என்று நம்புகிறவர் தாராளமாக நம்பலாம்.

டெபாசிட் தொகை இந்த அளவுக்கு உயர்ந்ததற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1996இல் மொடக்குறிச்சித் தொகுதியில் விவசாயிகள் தங்கள் கோரிக்கைக்காகக் கூட்டம் கூட்டமாக மனுத்தாக்கல் செய்தார்கள். கடைசியில் களத்தில் நின்றவர்கள் 1,033 பேர். வாக்குச்சீட்டைப் புத்தகமாகத்தான் அச்சடிக்க வேண்டியிருந்தது, தேர்தலையும் தள்ளிப்போட்டார்கள். அப்போது சட்டமன்ற டெபாசிட் வெறும் 250 ரூபாய். அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு 5,000 ஆனது. அந்த ஆயிரத்துச் சொச்சம் பேரில் வென்றவர் சுப்புலட்சுமி ஜெகதீசன். அவரிடம் பிறகு வருகிறேன்.

இனி எம்.எல்.ஏ. வாழ்க்கையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். வெளியில் தெரியும் பந்தாவுக்கும் உள்ளே நடக்கும் வேலைக்கும் இங்கே இருக்கும் இடைவெளி மற்ற இரண்டிலும் இல்லை.

காலை ஏழு மணிக்கு முன்பே வாசலில் ஆள் நிற்கும். முதியோர் உதவித்தொகை நின்றுபோன பாட்டி, பட்டா மாறுதலுக்கு அலைந்து ஓய்ந்தவர், மகளுக்கு அரசுக் கலைக் கல்லூரியில் இடம் கேட்கும் தகப்பன், கோயில் திருவிழாவுக்கு ரசீதுப் புத்தகத்தோடு வந்த நாலு இளைஞர்கள். உதவியாளர் கையில் லெட்டர் பேட் தயாராக இருக்கும். மனுதாரரின் கோரிக்கையை விதிகளுக்கு உட்பட்டுப் பரிசீலிக்குமாறு கேட்டுக்கொள்ளும் இரண்டு வரி, கீழே பச்சை மையில் கையெழுத்து. ஒரே நாளில் ஒரே தாசில்தாருக்கு இப்படிப் பல கடிதங்கள் போகும். கடிதத்துக்குப் பின்னால் போன் வந்தால்தான் அது நிஜமான பரிந்துரை என்பது தாலுகா ஆபீஸில் கடைநிலை ஊழியர் வரை தெரியும். கடிதத்தை வாங்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போகும் பாட்டிக்குத்தான் தெரியாது.

அதற்குப் பிறகு கல்யாணங்கள். வளர்பிறை முகூர்த்த நாளென்றால் ஒரு மண்டபத்தில் தாலி கட்டி முடிவதற்குள் அடுத்த மண்டபத்தில் மேளம் கேட்கும். காதணி விழா, புதுமனை புகுவிழா, மஞ்சள் நீராட்டு. கல்யாணத்துக்கு வராத எம்.எல்.ஏ.வை ஊர் பொறுத்துக்கொள்ளும். துக்க வீட்டுக்கு வராதவரை அடுத்த தேர்தல் வரை மறக்காது. எங்கும் வெறுங்கையோடு போக முடியாது. தமிழக எம்.எல்.ஏ.வின் மாத ஊதியமும் படிகளும் சேர்ந்து 2017இல் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ஆக உயர்ந்தன. மொய்யும் மாலையும் வண்டிக்கு டீசலும் போட்டால் மாதப் பாதியில் அது கரைந்துவிடும். மீதியை யார் தருகிறார்கள் என்ற கேள்வியிலிருந்துதான் ஒருவரின் அரசியல் எந்தப் பக்கம் திரும்பும் என்பது தொடங்குகிறது. சொந்த வருமானம் இல்லாதவர் இந்த வழியை யோசிக்கும்போது இதை முதலில் யோசிக்க வேண்டும்.

இவ்வளவு பேர் தேடி வரும் அந்த மனிதரின் கையில் சட்டப்படி என்ன அதிகாரம் இருக்கிறது? ஏறக்குறைய ஒன்றுமில்லை. கல்யாண வீட்டு வாசலில் நின்று எல்லோரையும் பந்திக்கு அழைப்பவர் அவர்; சமையற்கட்டுச் சாவி அவரிடம் கிடையாது. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அதிலும் அவர் பரிந்துரைக்கத்தான் முடியும். நிர்வாக அனுமதி தருவது ஆட்சியர். அந்த நிதியில் வருவது பெரும்பாலும் பஸ் நிழற்குடை, வகுப்பறை, சமுதாயக் கூடம், நாற்சந்தியில் உயர்கோபுர மின்விளக்கு. நிழற்குடையின் நெற்றியில் எம்.எல்.ஏ.வின் பெயரை நிழற்குடையைவிடப் பெரிதாக எழுதிவைப்பார்கள். தேர்தல் அறிவிப்பு வந்ததும் அதன்மேல் காகிதம் ஒட்டப்படும். 2021இல் ஆறு லட்சத்துக்கும் மேல் வாக்காளர்கள் இருந்த சோழிங்கநல்லூருக்கும், இரண்டு லட்சத்தைத் தொடாத கீழ்வேளூருக்கும் அதே 3 கோடிதான்.

சட்டமன்றத்துக்குள் நிலைமை இன்னும் மெலிவு. ஆளுநர் உரை, பட்ஜெட், துறைவாரியாக நிதி கேட்கும் மானியக் கோரிக்கைகள் என்று ஆண்டில் சில வாரங்கள்தான் அவை கூடுகிறது. வினா நேரத்தில் தன் தொகுதிக்கு ஒரு பாலமோ பள்ளித் தரம் உயர்வோ கேட்கலாம். "நிதிநிலைக்கேற்ப பரிசீலிக்கப்படும்" என்று அமைச்சர் சொல்வார். எதிர்க்கட்சி கவன ஈர்ப்புத் தீர்மானம் கொடுக்கலாம். எடுத்துக்கொள்வதும் விடுவதும் பேரவைத் தலைவர் விருப்பம். பெரிய அறிவிப்புகள் பேரவை விதி 110இன் கீழ் அறிக்கையாக வரும். அதன்மேல் விவாதம் கிடையாது. ஜெயலலிதா காலத்தில் அந்த விதி பட்ஜெட்டையே ஓரங்கட்டிவிட்டது என்றுகூடச் சொல்லலாம். உழைக்க நினைக்கும் எம்.எல்.ஏ.வுக்கு உண்மையான இடம் குழுக்கள்தாம்: பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, அமைச்சர்கள் அவையில் கொடுத்த வாக்குறுதி என்ன ஆனது என்று துருவும் உறுதிமொழிக் குழு. இவற்றில் நான்கு ஆண்டு கோப்பு படித்தவருக்கு ஒரு துறையே அத்துப்படியாகிவிடும். அதற்காக யாரும் அவருக்கு மாலை போடுவதில்லை.

பிறகு ஏன் எல்லோரும் இதற்கு ஆசைப்படுகிறார்கள்? இரண்டு காரணங்கள் தெரிகின்றன. ஒன்று அமைச்சர் பதவி. 2003ஆம் ஆண்டின் 91ஆவது திருத்தத்தின்படி அமைச்சரவை பேரவையின் பலத்தில் 15 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது. 234 பேருக்கு அது முதல்வரையும் சேர்த்து 35. நூற்றைம்பது பேர் உள்ள ஆளும் கட்சியில் நாலு பேருக்கு ஒருவருக்குக்கூட வாய்ப்பில்லை. ஆனால் அந்த 35 பேருக்குள் நுழைய வாசல் இது ஒன்றுதான். இரண்டாவது காரணம் அன்றாடத் தொடர்பு. போலீஸ், வருவாய்த் துறை, ரேஷன், பஸ், அரசு மருத்துவமனை எல்லாம் மாநில அரசின் கையில். ஆளும் கட்சி எம்.எல்.ஏ.வின் போன் இவற்றில் வேலை செய்யும், அதுவும் மாவட்டச் செயலாளரோடு அவருக்கு ஒத்துப்போகும்வரை. மாவட்டச் செயலாளர் வேறு கோஷ்டி என்றால் சொந்தக் கட்சி ஆட்சியிலேயே அவர் எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. போலத்தான் இருக்க வேண்டிவரும். சீட் கிடைக்குமா என்று யோசிப்பவர், கிடைத்தபின் மாவட்டச் செயலாளர் யார் என்பதையும் சேர்த்து யோசிப்பது நல்லது.

உள்ளாட்சியில் கணக்கு தலைகீழ். பகட்டு குறைவு, கையெழுத்துக்கு மதிப்பு அதிகம். ஊராட்சித் தலைவர் துணைத் தலைவரோடு சேர்ந்து ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க ஒப்புதல் தருகிறார். குடிநீர்க் குழாய் உடைந்தால் சரிசெய்ய அவர் யாருக்கும் பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டியதில்லை. கிராம ஊராட்சித் தேர்தல் கட்சிச் சின்னம் இல்லாமல் நடப்பதால் தலைமையின் தயவும் தேவையில்லை. கிராம சபையில் நூறு பேர் முன்னால் வரவு செலவைப் படிக்கும்போது கேட்கப்படும் கேள்விகள், கோட்டையில் எந்த எம்.எல்.ஏ.வும் சந்திக்காதவை. தெருவிளக்குக்கு பல்ப் வாங்கிய ரசீதைக் காட்டு என்பார்கள். காட்ட வேண்டும்.

சிக்கல்களும் கண்முன் இருக்கின்றன. ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆம் பிரிவின்கீழ் தலைவரை நீக்கும் அதிகாரம் ஆட்சியருக்கு இருக்கிறது, எம்.எல்.ஏ.வை எந்த ஆட்சியரும் தொட முடியாது. இட ஒதுக்கீடு சுழற்சி முறையில் மாறும். நீங்கள் வேலை செய்து பெயர் வாங்கிய ஊராட்சி அடுத்த சுற்றில் உங்களுக்கு இல்லாமல் போகலாம். பெண்களுக்கு 50 சதவிகிதம் என்பதால் முதல் முறை நிற்கும் பெண்களுக்கு இதைப்போல் திறந்த கதவு வேறில்லை. கூடவே, தலைவர் மனைவி பெயரில் கணவர் நாற்காலியில் உட்காரும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. வருமானம் என்று பெரிதாக எதுவும் கிடையாது. மாநகராட்சிக் கவுன்சிலருக்கே மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் 2023இல்தான் அறிவிக்கப்பட்டது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், தேர்தலே நடக்குமா என்பது. 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த ஊரகத் தேர்தல் 27 மாவட்டங்களில் நடந்தது 2019 டிசம்பரில். மற்ற ஒன்பது மாவட்டங்களில் 2021 அக்டோபரில். நகர்ப்புறங்களில் 2022 பிப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் அரசு நியமித்த தனி அலுவலர்கள் ஆண்டார்கள். அந்த 27 மாவட்டங்களின் ஊராட்சித் தலைவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் மறுபடியும் தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இதில் மாற்றமில்லை. சட்டமன்றத் தேர்தலை இப்படித் தள்ளிப்போட்டால் நாடே கொந்தளிக்கும்; ஊராட்சித் தேர்தல் தள்ளிப்போனால் நாளிதழின் உள்பக்கத்தில் ஒரு பத்தி வருகிறது.

டெல்லி வழியைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். ஒரு மக்களவைத் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். 2024இல் தமிழக வாக்காளர்கள் 6.23 கோடி, 39 தொகுதிகளுக்குப் பிரித்தால் சராசரியாகப் பதினாறு லட்சம் பேர். துக்க வீடு ஒவ்வொன்றுக்கும் போக நினைத்தால்கூட முடியாது, மக்களும் எதிர்பார்ப்பதில்லை. ஊதியம் மாதம் 1,24,000, படிகள் தனி. தொகுதி நிதி ஆண்டுக்கு 5 கோடி என்றாலும் ஆறு தொகுதிக்குப் பிரித்தால் ஒன்றுக்கு ஒரு கோடிகூடத் தேறாது. கேந்திரிய வித்யாலயாவில் ஆண்டுக்குப் பத்து மாணவர்களுக்குச் சீட் பரிந்துரைக்கும் உரிமை இருந்தது; 2022இல் அதையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் பேசத் தெரிந்தவருக்கு மக்களவை போன்ற மேடை கோட்டையில் இல்லை. மூன்று நிமிடப் பேச்சு நேரலையில் போய், மாலைக்குள் ஊரில் எல்லோர் போனிலும் வந்துவிடும். சட்டம், நிதி, கல்வி, மாநில உரிமை என்று படித்துப் பேச ஆசைப்படுபவருக்கு, எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.வைவிட எதிர்க்கட்சி எம்.பி.யாக இருப்பது நிறைவு தரும். என்ன செலவு, ஆறு தொகுதிக்கும் பூத் செலவு, ஆறு ஒன்றியச் செயலாளர் கூட்டங்களின் மனக்கசப்பு. முதல் முறை நிற்பவர் கட்சியின் முழு பலம் இல்லாமல் தொடக்கூடாத தேர்தல் இது.

பதவி பறிபோகும் வழிகளில் கோட்டைக்கும் டெல்லிக்கும் வித்தியாசமில்லை, ஆனால் அதன் சூட்டைத் தமிழகம் அதிகம் பார்த்தது கோட்டையில்தான். 2017 ஆகஸ்டில் முதல்வர் எடப்பாடி பழனிசாமி மீது நம்பிக்கையில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்த அ.தி.மு.க.வின் 18 எம்.எல்.ஏ.க்களை, செப்டம்பரில் பேரவைத் தலைவர் தனபால் தகுதி நீக்கம் செய்தார். அவையில் கொறடா உத்தரவை மீறி வாக்களித்ததற்காக அல்ல, ஒரு கடிதத்துக்காக. உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் மாறுபட்டு, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபரில் அந்த நீக்கம் செல்லும் என்றார். 2019 இடைத்தேர்தல் வரை அந்தப் பதினெட்டுத் தொகுதிகளுக்கும் எம்.எல்.ஏ. கிடையாது. கட்சிக்குள் இருந்துகொண்டு சொந்தக் குரலில் பேசலாம் என்று நம்பிப் போகிறவர் இந்த வழக்கைப் படித்துவிட்டுப் போகட்டும். வழக்குகள் இன்னொரு பக்கம். 1998இல் நடந்த ஒரு கலவரத்துக்காக 2019 ஜனவரியில் மூன்றாண்டு தண்டனை வந்து அமைச்சர் பதவியை இழந்தார் ஓசூர் பாலகிருஷ்ண ரெட்டி. இளமைக்கால மறியல் வழக்கு எங்கே நிற்கிறது என்று நிற்கும் முன்பே வக்கீலிடம் கேட்டுவிடுவது உத்தமம்.

தோல்வி எப்படிப்பட்டதாக இருக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். 2016இல் ராதாபுரத்தில் மு.அப்பாவு 49 வாக்குகளில் தோற்றார். தபால் வாக்குகளை மறுபடி எண்ண உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2019இல். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. ஐந்தாண்டும் அப்படியே கழிந்தது. 2021இல் அதே தொகுதியில் வென்று பேரவைத் தலைவரானார். சுப்புலட்சுமி ஜெகதீசனின் பாதை வேறு. 1977இல் அ.தி.மு.க. சார்பில் மொடக்குறிச்சி, 1989இல் தி.மு.க. சார்பில் ஈரோடு, 1996இல் ஆயிரம் பேருக்கு நடுவே மறுபடி மொடக்குறிச்சி, 2004இல் திருச்செங்கோட்டிலிருந்து மக்களவை, மத்திய இணையமைச்சர். டெல்லி வரை போய் வந்தவர் 2021இல் மீண்டும் மொடக்குறிச்சியில் நின்று 281 வாக்குகளில் தோற்றார். அடுத்த ஆண்டே கட்சியிலிருந்து விலகினார். இரண்டு அவைகளையும் பார்த்தவருக்கே கடைசியில் மனம் பழைய சட்டமன்றத் தொகுதியில்தான் நின்றிருக்கிறது என்பதைக் கவனிக்கத் தோன்றுகிறது.

சுயேச்சையாக நிற்பது பற்றியும் கேட்பார்கள். 2017 டிசம்பரில் ஆர்.கே.நகரில் குக்கர் சின்னத்தில் டி.டி.வி.தினகரன் 40,707 வாக்கு வித்தியாசத்தில் வென்றதைக் காட்டுவார்கள். அது சுயேச்சை என்று பெயரளவில் நின்ற ஒரு கட்சிக் கோஷ்டியின் வெற்றி. உங்களுக்கும் எனக்கும் அது முன்னுதாரணம் ஆகாது.

என் முடிவைக் கேட்டால்: சொந்த வருமானம் குறைவு, ஊரில் பெயர் உண்டு என்றால் உள்ளாட்சி. தேர்தல் தள்ளிப்போனால் காத்திருக்கலாம், அதற்காக எம்.எல்.ஏ. சீட்டுக்கு விருப்ப மனு கட்டிப் பணத்தை விடவேண்டாம். ஒரு முறை ஊராட்சிக் கணக்கை எழுதியவர் கோட்டைக்குப் போனால், மானியக் கோரிக்கைப் புத்தகத்தில் எந்தத் தலைப்பில் பணம் ஒளிந்திருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார். வக்கீல், பேராசிரியர், தொழிற்சங்கவாதி போன்றவர்கள் கட்சி வலுவாக உள்ள தொகுதி கிடைத்தால் டெல்லியை யோசிக்கலாம். நேரடியாகச் சட்டமன்றம் என்பது, மாவட்டக் கட்சி தன் பக்கம் இருப்பவருக்கும், ஐந்தாண்டு எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தாலும் வீட்டில் அடுப்பெரியும் என்ற நிலையில் இருப்பவருக்கும் மட்டும்.

எதில் நின்றாலும் தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கை மனுத்தாக்கலுக்கு முந்தைய நாளே தொடங்கிவிடுங்கள். சட்டமன்றம், மக்களவைத் தேர்தல்களில் முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கொடுக்க வேண்டும். வென்றவரின் கணக்கை அவரது ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். தோற்றவர்கள் அந்த மாதத்தில் வீட்டை விட்டே வெளியே வருவதில்லை, கணக்கை மறந்துவிடுகிறார்கள். தேர்தல் ஆணையம் விளக்கம் கேட்டு, பதில் சரியில்லை என்றால் உத்தரவு தேதியிலிருந்து மூன்றாண்டு போட்டியிடத் தடை விதிக்கும். தமிழகத்தில் சட்டமன்றத் தேர்தலுக்கும் அடுத்த மக்களவைத் தேர்தலுக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய அதே மூன்றாண்டுதான்.